ஒரு மிளகுக்குள் இரண்டு சென்ட் மனை

எங்கள் லால்பேட்டையில் மனை என்றால் சென்ட் கணக்குத்தான். அந்தப் பழக்கத்தில் பிளாட்டினத்துக்கும் ஒரு கணக்குப் போட்டேன். அன்று ராத்திரி தூக்கம் போச்சு! ஒரு கிராம் பிளாட்டினக் கட்டி ஒரு மிளகு அளவுதான். அதையே 3 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால், மொத்த மேற்பரப்பு சுமார் 90 சதுர மீட்டர். இரண்டு சென்ட்டுக்கு மேல்!

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரமும் தண்ணீரும் தருகிற எரிகலத்தில் பிளாட்டினம்தான் வினையூக்கி; வேலை நடப்பது அதன் மேற்பரப்பில்தான். உருண்டையின் வயிற்றுக்குள் இருக்கும் பிளாட்டினத்துக்கு வேலையே இல்லை. விலையோ கொள்ளை விலை. வயிற்றில் கோபால்ட்டை வைத்தால் என்ன?

வாங்க, அடுப்படியை எட்டிப் பார்ப்போம். கார்பன் கரித்தூளில் ஒட்டிய பிளாட்டினத் துகள்களோடு கோபால்ட் உப்பைக் கலந்து, உலர்த்தி, ஹைட்ரஜன் ஓடும் குழாய் உலையில் 700 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். சூடு குறைந்தால் உலோகங்கள் கலக்காது; கூடினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, நம் இரண்டு சென்ட் சுருங்கிவிடும். பிறகு அமிலக் குளியல். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்! மேலே இருக்கும் கோபால்ட் கரைந்து, தெளிந்த நீர் மெல்லிய ரோஜா நிறம் காட்டும். துகளுக்கு மிஞ்சுவது பிளாட்டினத் தோல். உள்ளிருக்கும் சின்னக் கோபால்ட் அணுக்கள் அந்தத் தோலை இறுக்கிப் பிடிக்க, ஆக்சிஜனை அது கொஞ்சம் தளர்வாகப் பற்றுகிறது. வேலை முடிந்ததும் சட்டென்று விட்டுவிடுகிறது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில், பிளாட்டினத்தோடு தங்கத்தையே கூட்டியிருக்கிறார்கள்! மெத்தனால் எரிகலத்தில், எரிபொருள் சவ்வைத் தாண்டிக் கசிந்து காற்றுப்பக்கத்து வினையூக்கியைக் கெடுக்கும். அதைத் தாங்கும் பிளாட்டினம்-தங்கக் கலவை பற்றிய அவர்கள் ஆய்வு 2009இல் வெளியானது.

கடைசியில் நம் கோபால்ட் துகளுக்குப் பரீட்சை. துகள் ஒட்டிய கரித்தூளை மையாக்கி, சுழலும் மின்முனையின் 5 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரே ஒரு சொட்டு. காப்பிக் கறைபோல ஓரத்தில் வளையம் கட்டினால் துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். சீராகக் காய்ந்ததும் ஆக்சிஜன் ஊட்டிய அமிலத்துக்குள் இறக்கி, நிமிடத்துக்கு 1600 சுற்று. திரையில் மின்னழுத்தத்துக்கு எதிரான மின்னோட்டக் கோடு மெதுவாக வளர்கிறது. வெறும் பிளாட்டினத்தின் பழைய கோட்டுக்கு வலப்பக்கம் இருபது, முப்பது மில்லிவோல்ட் தள்ளி இறங்கினால் போதும், அன்றைக்கு அந்த அறையில் பெருநாள்!