பல்லாண்டுகள் நீளும் குன்றல் பகுப்பு: மனித அண்டசெல்லின் உருவாக்கம்

மனித விந்துசெல் உருவாக்கத்தில் குன்றல் பகுப்பு சில வாரங்களில் நிறைவுறும். அண்டசெல்லிலோ அது பல்லாண்டுகள் நீள்கிறது. பெண்சிசு கருப்பையில் இருக்கும்போதே முதற்பகுப்பு தொடங்கி, ஒத்த குரோமோசோம்கள் இணைந்து குறுக்கெதிர் மாற்றம் நிகழ்ந்தபின், டிப்ளோட்டீன் நிலையில் நின்றுவிடுகிறது. பூப்பெய்திய பின்னர், அண்டம் விடுபடுவதற்குச் சற்று முன்பே அது மீளத் தொடரும். 46 குரோமோசோம்களுள் 23 அண்டசெல்லில் தங்க, எஞ்சியவை சிறிய துருவ உறுப்புடன் வெளியேறுகின்றன. சைட்டோபிளாசம் சமமாகப் பங்கிடப்படாததால், கருவளர்ச்சிக்குரிய சேமிப்பு ஒரே செல்லில் திரள்கிறது. இரண்டாம் பகுப்பு விந்து நுழைந்தால் மட்டுமே முடிவடையும். பகுப்பு முற்றுப்பெற்று விந்துக்காகக் காத்திருக்கும் அண்டம் பாடநூற் படங்களில் மட்டுமே உண்டு.

இத்தாமதம் தீங்கற்றதன்று. குரோமாட்டிடுகளைப் பிணைக்கும் கொஹிசின் புரதம் காலப்போக்கில் குறைவதை எலிகளில் நிகழ்த்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. பிணைப்புத் தளர்ந்தால் குரோமோசோம்கள் தவறாகப் பிரியக்கூடும். 21-ஆம் குரோமோசோம் மூன்றாக அமையும் டவுன் நோய்க்குறியின் வாய்ப்பு தாயின் வயதோடு உயர்வதற்கு இதுவே முதன்மையான விளக்கமாகக் கருதப்படுகிறது.