பத்தி பிரிக்கும் முறை

பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் படிப்பது வீட்டில்தான். அதுவும் இன்று பெரும்பாலும் கைப்பேசித் திரையில் நிகழ்கிறது. ஆகவே, வலைப்பக்கத்தில் தமிழ் எவ்வாறு அமைகிறது என்பது கணினித் துறையினர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் இல்லத்துச் செய்தியுமாகும்.

செய்தித்தாளை விரித்தால் எழுத்துகள் பத்தி பத்தியாக நிற்கக் காண்கிறோம். அச்சகத்தார் இதனைக் ‘காலம்’ என்பர். இது அழகுக்காக மட்டும் வந்ததன்று. வரி மிக நீண்டால், அதன் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் திரும்பும் கண் வழி தவறுகிறது. படித்த வரியையே மீண்டும் படிக்கிறோம். அகன்ற தாளைப் பத்திகளாகப் பகுத்தவர் நம் கண்ணுக்கு நன்மை செய்தவராவர்.

வலைப்பக்கத்தில் இவ்வமைப்பு எளிதில் கைகூடவில்லை. தொடக்க நாளில் அட்டவணை ஒன்றை வரைந்து, அதன் கட்டங்களில் கட்டுரையைக் கையால் துண்டாக்கி வைத்தனர். ஒரு வரி கூடினால் எல்லாத் துண்டுகளையும் மாற்ற வேண்டும். நார்வே நாட்டவரான ஹோகன் வியும் லீ 1994இல் முன்மொழிந்த சி.எஸ்.எஸ். என்னும் கணினி மொழி, எழுத்து வேறு, அதன் தோற்றம் வேறு எனப் பிரித்தது. அதன் முதல் நிலை 1996இல் வெளிவந்தது. பல பத்திகளுக்கான முதல் வரைவு 1999இல் தோன்றியது. இன்று ஒரே கட்டளையில் உலாவியே பத்திகளைப் பகுத்து, உயரத்தையும் ஏறக்குறையச் சமமாக்கிவிடுகிறது.

கட்டளை எளிதாயிற்று, பயன்படுத்துவோர்க்கு எச்சரிக்கை வேண்டும். நம் இதழின் கட்டுரை ஒன்றை வலைப்பக்கமாக்கியபோது, ‘காலம்-கவுண்ட்’ என்னும் கட்டளையால் மூன்று பத்தி என்று எண்ணிக்கை கொடுத்தோம். கணினித் திரையில் செய்தித்தாள் போலவே விளங்கியது, மகிழ்ந்தோம். கைப்பேசியில் பார்த்த பெரியவர் ஒருவர், “இது தமிழா, தோரணமா?” என்று வினவினார். நாணினோம். குறுகிய திரையிலும் அது மூன்றாகவே பிரிந்து, வரிக்கு ஒரு சொல்லாகத் தொங்கியது.

தமிழ்ச் சொல் நீளமானது. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்னும் ஒரு சொல்லில் பதின்மூன்று எழுத்துகள் உள்ளன. ஒடுங்கிய பத்தியில் அது அடங்காது பக்கத்துப் பத்தியின்மேல் ஏறும். ஆகவே எண்ணிக்கையை விடுத்து, ‘காலம்-விட்த்’ என்னும் கட்டளையால் அகலத்தைக் கூறுதலே தக்கது. எழுத்தளவின் 20 மடங்கு அகலம் என்று கொடுத்தோம். 1200 பிக்சல் அகலத் திரையில், எழுத்து 16 பிக்சலாயின் மூன்று பத்தி வருகிறது. பார்வை குன்றிய பாட்டி எழுத்தை 24 பிக்சலாகப் பெருக்கினால் இரண்டாகிறது. 360 பிக்சல் கைப்பேசியிலோ ஒன்றே நிற்கிறது. இடத்திற்கேற்பப் பத்தி தானே குறைகிறது.

அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைப் பிள்ளைகட்குக் காட்டி வந்த மாலையில், குறட்பக்கம் ஒன்றைத் திறந்தோம். முதலடி ஒரு பத்தியின் அடியிலும், இரண்டாமடி மறு பத்தியின் தலையிலும் கிடந்தன. “இது அரைக் குறளா?” என்றது குழந்தை. நாற்சீரும் முச்சீருமாக அமைந்த பாவைப் பிரிக்கலாகாது. ‘பிரேக்-இன்சைடு: அவாய்டு’ என்னும் ஒரு வரி இப்பிழையைத் தடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. தாளை ஒரு நோக்கில் காண்கிறோம், திரையோ உருள்வது. பத்தி திரையினும் உயர்ந்தால், அடிவரை இறங்கிப் படித்தவர் மீண்டும் உச்சிக்கு ஏற வேண்டும். ஆதலின் நீண்ட கட்டுரையைச் சிறு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பத்தி பிரித்தல் நன்று.

நம் இளைஞர் பலர் இந்நகரில் இத்தொழிலே செய்கின்றனர். பிறர்க்குப் பக்கம் அமைக்கும் கைகள், ஓய்வு நாளில் ஒரு தமிழ்ப் பக்கத்தையேனும் இவ்வாறு திருத்தி அமைக்கட்டும். முடித்தபின் அதனை வீட்டுப் பெரியவர் கைப்பேசியில் ஒருமுறை காட்டுக. அவர் தடையின்றிப் படித்தால் அதுவே நல்ல அமைப்பு.