சம்பூரில் முந்தினோம், நீர்கொழும்பில் பிந்தினோம்

திருகோணமலை சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99. பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகக் காடு மூடிக் கிடந்தன. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி அவற்றில் 61 தாங்கிகளை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் கூட்டாக அபிவிருத்தி செய்யும். 2025 ஏப்ரலில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. தாங்கிகள் நிரம்ப வேண்டுமானால் எண்ணெய்க் கப்பல்கள் வர வேண்டும்.

அவை வரப்போகும் கடல் எப்படிப்பட்டது? கொட்டியாரக் குடாவில் மகாவலி கடலைச் சேர்கிறது. குடாவை அடுத்தே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு அருகில் ஆழம் இருப்பதால்தான் நீலத் திமிங்கிலங்கள் இங்கே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நீந்துகின்றன. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. 1998இல் கடல் சூடேறி நாட்டின் மற்றக் கரைகளில் பவளங்கள் வெளிறி மடிந்தபோது இங்குள்ளவை பெரும்பாலும் தப்பின. எண்ணெய் படிந்தால் அப்படித் தப்பும் என்று நம்ப இடமில்லை.

கிழக்குக் கடல் ஒருமுறை மயிரிழையில் தப்பியது. 2020 செப்டெம்பர் 3 அன்று, ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்ற நியூ டயமண்ட் கப்பல் அம்பாறைச் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. மாலுமி ஒருவர் இறந்தார். எண்ணெய்ச் சரக்கு கடலில் கலக்கவில்லை.

அடுத்த ஆண்டு மேற்குக் கடல் தப்பவில்லை. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, ஜூனில் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் அதில் இருந்தன. அவை கரையெங்கும் ஒதுங்கின, மீன்பிடி தடைசெய்யப்பட்டது. கத்தோலிக்க மீனவர் நிறைந்த நீர்கொழும்பு முடங்கியது. வழக்குத் தொடுத்தவர்களில் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் ஒருவர். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. எவ்வளவு பணம் வந்தாலும் மணலுக்குள் புதைந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடிக்க முடியாது.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரின் கதை வேறு. 2006இல் போரால் இடம்பெயர்ந்த மக்களின் ஊரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் திட்டமிடப்பட்டது. மக்கள் எதிர்த்தார்கள், சூழலியல் அமைப்பு நீதிமன்றம் சென்றது. அங்கே அந்த நிலையம் அமைக்கப்படாது என்று 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் திணைக்களம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. முதல் கல் வைக்கும் முன்பே கேள்வி எழுந்ததால் அந்தக் கரை நிலக்கரிக்குத் தப்பியது.

இப்படி முன்கூட்டிக் கேட்பது விசுவாசத்தின் கடமையும்தான். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று மடுத் திருத்தலத்துக்கு வந்தார். மறுநாள் கொழும்பிலிருந்து மணிலாவுக்குப் பறந்த விமானத்தில், காலநிலை மாற்றத்துக்குப் பெரும்பாலும் மனிதனே காரணம் என்று செய்தியாளரிடம் சொன்னார். அதே ஆண்டு ஜூன் 18இல் அவரது லவுதாத்தோ சீ சுற்றுமடல் வெளிவந்தது. தொடக்க நூலில் ஏதேன் தோட்டம் மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது பண்படுத்தவும் காக்கவும் என்பதை அது நினைவூட்டியது. காவலுக்கு வைக்கப்பட்டவன் களவு போன பின் அழுதால் கடமை முடிந்துவிடாது. அயலவனுக்குச் செய்த தீங்கை மன்னிப்புக் கேட்டதோடு விடாமல் ஈடுசெய்யவும் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. ஈடுசெய்யவே முடியாத தீங்காயின், அதை முன்கூட்டித் தடுப்பதில்தான் விசுவாசத்தின் முழுப் பொறுப்பும் இருக்கிறது. கரையோரச் சிரமதானமும் மரநடுகையும் நல்லவை. எண்ணெய்க் கசிவை அவை தடுக்காது.

தடுக்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1988இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டப்படி, பெருந்திட்டம் ஒன்றின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் வர வேண்டும். அந்த 30 நாட்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாவது வரும். திருகோணமலையிலும் மூதூரிலும் உள்ள பங்குகள், கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகும் மீனவரையும் சேர்த்துக்கொண்டு எண்ணெய்த் திட்டத்தின் அறிக்கையை வாசிக்க வேண்டும். கசிவைத் தடுக்கும் மிதவை வேலிகள் எங்கே, யார் பொறுப்பில், எத்தனை மணி நேரத்தில் வரும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். கெடு தாண்டினால் மிஞ்சுவது நீர்கொழும்பு போன வழிதான்.