கண்ணால் விழுங்கும் தவளை

ஒரு தவளை மண்டையோட்டை மேலிருந்து பாருங்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள். அவற்றின் வழியே பார்வை நேராக வாய்க்குள் இறங்கிவிடுகிறது. நம் கண்குழிக்கு அடியில் எலும்புத் தளம் உண்டு. தவளைக்கு அது கிடையாது. மெல்லிய தசையும் சவ்வும்தான் கண்ணையும் வாயையும் பிரிக்கின்றன. மேல்தாடையிலுள்ள பொடிப் பற்கள் இரையைப் பிடித்துவைக்கும், மெல்ல உதவாது. பெரும்பாலான தவளைகளுக்குக் கீழ்த்தாடையில் பல்லே இல்லை. ஆகவே பூச்சியை முழுசாகத்தான் உள்ளே அனுப்பியாக வேண்டும். அந்த வேலையில் கண்ணுக்கும் பங்கு உண்டு: விழுங்கும்போது விழி உருண்டைகள் அமிழ்ந்து, வாயின் கூரையில் புடைத்து, இரையைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன.

துள்ளும் வெட்டுக்கிளியின் கால் குத்திவிடாதபடி கண்ணை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வட அமெரிக்கச் சிறுத்தைத் தவளைகளைப் பற்றி 2004-இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. உள்ளே இறங்கிய கண் இரைமேல் படுவது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. பிறகு, கண்ணை உள்ளிழுக்கும் தசைக்குப் போகும் நரம்பைத் துண்டித்தார்கள் (கொடுமைதான்). ஒரு சுவர்க்கோழிப் பூச்சியை விழுங்கச் சராசரியாக 2.3 முறை முயன்ற தவளைகளுக்கு, அதன்பின் 4 முறை தேவைப்பட்டது. வெறும் தற்காப்பாக இருந்தால் இந்தக் கணக்கு மாறியிருக்காது. ஆனாலும் விழுங்குவது நின்றுவிடவில்லை. முக்கிய வேலை நாக்கினுடையது, கண் அதற்குக் கைகொடுக்கிறது. அடுத்த மழைக்குத் தவளை ஒன்று பூச்சியைக் கவ்வக் கண்டால், வாயை விட்டுவிட்டுக் கண்களைக் கவனியுங்கள்.