இறந்தவரை உயிரோடு வைத்திருந்த பவர் பத்திரம்

ஓசூரில் ஆலைகள் பெருகப் பெருக, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மானாவாரிக் காட்டுக்கும் விலை வந்துவிட்டது. வேப்பனப்பள்ளிப் பக்கம் நிலம் கைமாறும்போது முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "பவர் யார் பேர்ல இருக்கு?" என்பது. நேரில் வந்து கையெழுத்துப் போட முடியாதவர் நம்பிக்கையான ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரம்தான் இந்தப் பவர். அப்படி ஒரு பத்திரத்தோடு பின்னிக்கிடந்த கொலை, எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரு ரிச்மண்ட் சாலையில் மூன்றாண்டுகள் மண்ணுக்குள் மறைந்திருந்தது.

கொல்லப்பட்டவர் ஷாகேரே கலீலி. மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி. கணவர் அக்பர் கலீலி இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி. நான்கு மகள்கள். கணவர் ஈரானில் பணியாற்றிய காலத்தில், பரம்பரைச் சொத்து விவகாரங்களைத் தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தார் ஷாகேரே. அந்த நேரத்தில் அறிமுகமானவர் சுவாமி ஷ்ரத்தானந்தா என்கிற முரளி மனோகர் மிஸ்ரா. ராம்பூர் நவாப் குடும்பத்தின் சொத்துகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர். சொத்துச் சிக்கலைத் தீர்த்துத் தருவதாக வந்தவர் மெல்ல வீட்டுக்குள் ஒருவரானார்.

1985இல் ஷாகேரே விவாகரத்துப் பெற்றார். மறு ஆண்டே, சிறப்புத் திருமணச் சட்டப்படி ஷ்ரத்தானந்தாவை மணந்தார். உறவுகள் முகம் திருப்பிக்கொண்டன. மகள்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்கானது. உயில் புதிய கணவர் பெயருக்கு எழுதப்பட்டது. பொது அதிகாரப் பத்திரமும் அவர் கைக்குப் போனது.

1991 கோடையில் ஷாகேரே காணாமல் போனார்.

மூன்றாண்டுக் கதைகள்

ஷாகேரேயின் தாயாரும் மகள்களில் ஒருவரும் கேட்டபோதெல்லாம் ஷ்ரத்தானந்தாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. ஹைதராபாத் போயிருக்கிறாள் என்றார். பிறகு, கருவுற்றிருக்கிறாள், பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருக்கிறாள் என்றார். அவர் சொன்ன மருத்துவமனையில் விசாரித்தால் அப்படி யாரும் சேரவே இல்லை. பம்பாயில் அவர் தங்கியிருந்த ஓட்டல் அறையில் தாயின் பாஸ்போர்ட்டே மகளின் கண்ணில் பட்டது. பாஸ்போர்ட் இங்கிருக்க, ஆள் எப்படி அமெரிக்கா போயிருக்க முடியும்? 1992 ஜூன் மாதம் அந்த மகள் பெங்களூரு அசோக் நகர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

இத்தனை பொய்கள் ஏன்? உயில்தான் கையில் இருந்ததே, மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தால் சொத்து வந்திருக்காதா? சொன்னால் எப்படி இறந்தாள், உடல் எங்கே என்ற கேள்வி வரும். உயில் நீதிமன்றப் படியேறும். பவருக்கோ அந்தத் தொல்லை இல்லை. ஆனால், ஒப்பந்தச் சட்டப்படி பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் காலாவதி. ஆகவே ஷாகேரே காகிதத்திலாவது உயிரோடு இருந்தாக வேண்டும். அந்தப் பவரை வைத்தே ஷ்ரத்தானந்தா அவருடைய மனைகளை விற்றுக்கொண்டிருந்தார்.

1994 மார்ச்சில் விசாரணை மத்திய குற்றப்பிரிவின் கைக்கு வந்ததும் கதை உடைந்தது. ஷ்ரத்தானந்தாவே இடத்தைக் காட்ட, வீட்டு வளாகத்தைத் தோண்டினார்கள். உள்ளே ஒரு மரப்பெட்டி, அதற்குள் எலும்புக்கூடு. வேலையாட்களை வைத்து முன்கூட்டியே குழி வெட்டியதும், பெட்டி செய்யச் சொன்னதும், அதை வெளியேற்றப் படுக்கையறைச் சுவரை உடைத்ததும் வழக்கில் வெளிவந்தன. வளையலையும் மோதிரத்தையும் தாயார் அடையாளம் காட்டினார். டிஎன்ஏ பரிசோதனை உறுதிசெய்தது.

தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு வந்த வழி

2005இல் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மார்கண்டேய கட்ஜு தூக்கு என்றார், நீதிபதி எஸ்.பி. சின்ஹா ஆயுள் என்றார். 2008 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு நடுவழி கண்டது: தூக்கு இல்லை, ஆனால் சாகும்வரை சிறை, தண்டனைக் குறைப்பும் கிடையாது.

இந்தப் புதுவகைத் தண்டனை செல்லுமா என்ற கேள்வி, ராஜீவ் கொலை வழக்குக் கைதிகளைத் தமிழக அரசு விடுவிக்க முயன்ற விவகாரத்தில் மீண்டும் எழுந்தது. 2015இல் அரசியல் சாசன அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பாகச் செல்லும் என்றது. 2022இல் அந்தக் கைதிகள் விடுதலையானதும், அதையே காட்டித் தனக்கும் விடுதலை கேட்டார் ஷ்ரத்தானந்தா. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2023இல் வெளியான 'டான்சிங் ஆன் தி கிரேவ்' என்ற அமேசான் பிரைம் தொடரில் அவரே தோன்றிப் பேசுகிறார்.

கசந்த மணவாழ்வும் சாமியாரும் மரப்பெட்டியும் தொடர் எடுக்கத் தோதான சரக்குதான். ஆனால் ஷாகேரேவைக் கொன்றது விவாகரத்து அல்ல. விவாகரத்துக்குப் பிறகு அவரைச் சுற்றி ஏற்பட்ட வெற்றிடமே கொலைகாரருக்கு வசதியானது. உறவுகள் வந்துபோகும் வீடாக இருந்திருந்தால், 'அமெரிக்கா போயிருக்கிறாள்' என்ற பேச்சு ஒரு வாரம் தாங்கியிருக்காது.

இன்று தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்களில் பவரை வைத்துக் கிரயம் செய்ய வருபவரிடம், பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற மருத்துவர் சான்று கேட்கும் நடைமுறை இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மனையைத்தான் காக்கும். பிரிந்து தனியே வாழும் பெண்ணைக் காக்க வேண்டுமென்றால், அவள் யாரை மணந்தாள் என்ற கோபம் தீராவிட்டாலும், அவளிடமே நேரில் போய்ப் பேசிவிட்டு வர ஒருவராவது வேண்டும். போனில் கணவன் சொல்லும் பதில் போதாது.