உயிர்காப்புச் சான்றிதழ்: திரை கற்றுத் தருவதும் தராததும்

அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றுவோர் பொதுவாக ‘ஏசிஎல்எஸ்’ எனப்படும் உயர்நிலை உயிர்காப்புச் சான்றிதழை, அதாவது இதயத் துடிப்பு திடீரென நின்றுபோனவரை மார்பழுத்தம், மின்னதிர்ச்சி, மருந்து ஆகியவற்றால் மீட்கும் பயிற்சிக்கான சான்றிதழை, வைத்திருக்க வேண்டும். அமெரிக்க இதயச் சங்கம் வழங்கும் இச்சான்றிதழ் 2 ஆண்டுகளே செல்லும் என்பதால், அதைப் புதுப்பிக்க வகுப்பறைக்குச் செல்வதா, இணையவழியில் படிப்பதா என்னும் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது.

முழுவதும் இணையத்திலேயே முடித்துச் சான்றிதழ் பெற அச்சங்கம் இடம் தருவதில்லை. அதன் ‘ஹார்ட்கோடு’ முறையில் பாடப்பகுதியைத் திரையில் முடித்தவர், செய்முறைத் தேர்வை நேரில் முடித்தாக வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. மின்னதிர்ச்சிக்கு இணங்கும் இதயத்துடிப்பு எது, இணங்காதது எது என்று இசிஜி வரைகோட்டைப் பார்த்துப் பிரித்தறிவதையும், அட்ரினலின் 1 மில்லிகிராமை 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை தர வேண்டும் என்பதையும் திரை நன்றாகவே கற்றுத் தரும்; வேண்டிய அளவு மீண்டும் பார்க்கலாம் என்பதால், அவசரமாக நடத்தி முடிக்கப்படும் வகுப்பைவிட அது மேலானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துவதும், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழும்படி கையின் பாரத்தை விடுவிப்பதும் உடல் பழகிக்கொள்ள வேண்டியவை. களைத்த கை தன்னையறியாமல் மார்பின்மேல் சாய்ந்துகொள்ளும். அதைப் பயிற்சிப் பொம்மையில் பொருத்திய உணர்கருவியோ அருகில் நிற்கும் பயிற்றுநரோதான் சுட்டிக்காட்ட முடியும். குழுத்தலைவர் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்ல, செவிலியர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, செலுத்தியபின் ‘கொடுத்தாயிற்று’ என்று அறிவிக்கும் ஒழுங்கும் பலர் கூடிப் பழகினால்தான் வரும்.

இவ்வேறுபாட்டை அளந்து பார்த்த ஆய்வொன்றும் உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 31 மையங்களில் 3,732 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2012-இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான 2 நாள் வகுப்பும், இணையப் பாடத்துடன் கூடிய 1 நாள் வகுப்பும் ஒப்பிடப்பட்டன. பாவனை நோயாளியை மீட்கும் தேர்வில் வகுப்பில் பயின்றோரில் 80.2 விழுக்காட்டினரும், இணையம் கலந்து பயின்றோரில் 74.5 விழுக்காட்டினரும் தேறினர். எழுத்துத் தேர்வில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றனர். இணையம் கலந்த முறையில் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததால், மருத்துவமனைகள் அதை நாடுவது இயல்பே.

எம்முறையில் பயின்றாலும் கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது என்பதே இவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத செய்தி. சான்றிதழோ 2 ஆண்டுகள் செல்லுபடியாகிறது. இதனால்தான் அமெரிக்க இதயச் சங்கம், பயிற்சிப் பொம்மையைச் சிகிச்சைப் பிரிவுக்கே கொண்டுவந்து, 3 மாதங்களுக்கு ஒருமுறை சிறிது நேரம் மார்பழுத்தமும் செயற்கைச் சுவாசமும் பழகச் செய்யும் மற்றொரு திட்டத்தையும் வளர்த்துவருகிறது. இது தனியொருவரின் கைத்திறனை மங்காமல் காக்கும். ஆயினும் குழுவாக இயங்கும் பழக்கத்துக்கு, பணிநேர அட்டவணையில் அனைவரும் கூடுவதற்கான நேரத்தை மருத்துவமனை நிர்வாகமே ஒதுக்கித் தர வேண்டியிருக்கிறது.