இரு கண்களும் ஒத்துப்போகாதபோது நிறம் என்னவாகிறது?

வலக்கண்ணுக்குச் சிவப்பையும் இடக்கண்ணுக்கு அதே இடத்தில் பச்சையையும் காட்டினால் மனிதருக்கு எந்த நிறம் தெரியும் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. 1760இல் பிரெஞ்சு அறிஞர் துதூர், நீலப் பட்டும் மஞ்சள் பட்டும் கண்ணுக்கொன்றாகத் தெரியும்படி வைத்துப் பார்த்தபோது, வண்ணக் குழம்புகளைக் கலந்தால் தோன்றும் பச்சை தோன்றவில்லை. நீலமும் மஞ்சளும் மாறி மாறியே தெரிந்தன. ஒரு கண்ணின் படம் சில விநாடிகள் மேலோங்க, மற்றதன் படம் மறைந்து, பிறகு அந்நிலை தலைகீழாகும் இந்நிகழ்வை 'இருகண் போட்டி' என்பர்.

மிளகு விளையும் கொல்லிமலையின் குண்டனி நாட்டில் உள்ளவர்களுக்கு இதைக் காண ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளும் மறு கண்ணுக்குப் பச்சைத் தாளும் போதும். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் திட்டுத்திட்டாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். அறுவடைப் பருவத்தில் பச்சை மணிகளுக்கிடையே ஓரிரண்டு மட்டும் சிவந்து நிற்கும் மிளகுக் கொத்தைப் பார்த்தால் இன்னும் நுட்பமான ஒன்று புலப்படும்: சிவந்த மணி சிவப்புத் தாளின் வழியே வெளிச்சமாகவும் பச்சைத் தாளின் வழியே கருமையாகவும் தெரிவதால், இரண்டும் சேரும் இடத்தில் உலோகம் போன்ற ஒரு மினுமினுப்பு தோன்றக்கூடும். இரு கண்களுக்கும் எட்டும் ஒளியளவு வேறுபடுவதால் பிறக்கும் இம்மினுமினுப்பு, அந்த மணியின் மேற்பரப்பில் உண்மையில் இல்லாத ஒன்று.

எனினும் போட்டி எப்போதும் நிகழ்வதில்லை. நிறங்கள் வெளிறியும், பரப்பு சிறிதாகவும், ஒளியளவு நெருங்கியும் இருந்தால் அவை கலந்துவிடும். சிவப்பும் பச்சையும் இவ்வாறு கலந்து மஞ்சளாகத் தெரிவதைப் பற்றி 1928இல் ஆய்வாளர் செலிக் ஹெக்ட் எழுதினார். மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் வரை இரு கண்களின் செய்திகளும் தனித்தனி அடுக்குகளிலேயே செல்கின்றன. மூளையின் பின்புறத்திலுள்ள பார்வைப் புறணியை அடைந்த பிறகே அவை பெருமளவில் இணைகின்றன என்பதால், கலப்பதா, ஒன்றை அடக்குவதா என்பது விழித்திரையில் அன்றி மூளையில்தான் தீர்மானமாகிறது.

அதைவிட வியப்பானது, நிறமும் வடிவமும் தனித்தனியே போட்டியிடக்கூடும் என்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாங், ஷெவெல் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கண்ணுக்கு நெட்டுக்கோடுகளும் மறு கண்ணுக்குக் கிடைக்கோடுகளும் வெவ்வேறு நிறங்களில் காட்டப்பட்டன. சில வேளைகளில் ஒரே திசைக் கோடுகள் மட்டுமே தெரிந்தபோதும், அடக்கப்பட்ட கண்ணின் நிறம் மறையாமல் அக்கோடுகளின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன், இரு கண்களின் படங்களை இணைத்து ஆழத்தை அறிவதில் நிறத்தின் பங்கு என்ன என்பது பற்றி 1973இலேயே சக ஆய்வாளர்களுடன் கட்டுரை வெளியிட்டார்.

ஒரு கண்ணில் மட்டும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு, இரு கண்களும் வெவ்வேறு நிறம் காண்பது அன்றாட அனுபவமாகிறது. புரையால் மஞ்சளித்த வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்திய கண்ணுக்கு வெள்ளை வேட்டி சற்று நீலம் பாய்ந்தும், மறு கண்ணுக்குப் பழுப்பேறியும் தெரிகிறது. இரு கண்களையும் திறந்திருக்கையில் அவ்வேறுபாடு கலந்துபோவதால், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கும்போதுதான் பலரும் அதை உணர்கின்றனர்.